வீரம் யார் வீட்டுச் சொத்து?

இரவு ஷிப்டு முடிந்து பஞ்சாலைத் தொழிலாளிகள் வெளியே வருகிற காலை வேளை. அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்து வாதாடிக் கொண்டிருந்தார்கள். ஒருவர் நூற்பாலைத் தொழிலாளி. புருவத்தில் இன்னும் பஞ்சுத் தூசி போகவில்லை. மற்றவர் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தார். மழை பெய்தால் காட்டு வேலை, மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலை.

வாதம் எதைப் பற்றி? போனஸைப் பற்றியா? மழையைப் பற்றியா? இரண்டும் இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' என்கிற அமெரிக்க வான்வெளிப் படத்தைப் பற்றி!

ஒன்பது பாகங்களையும் இருவரும் செல்போனிலேயே பார்த்து முடித்திருக்கிறார்கள். ஒருவருக்கு எட்டாவது பாகம் என்றால் உயிர். மற்றவருக்கு அதன் பெயரைக் கேட்டாலே கோபம். அந்த வழியே போன என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து மத்தியஸ்தம் கேட்டார்கள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே. அப்பன் ஆத்தா யாருன்னே தெரியாத ஒருத்திக்கு அம்புட்டு சக்தி எங்கேயிருந்து வரும்? கதையில ஒரு கெத்து வேண்டாமா?" என்றார் ஆலைத் தொழிலாளி.

"அப்போ நம்ம வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் வராதுன்னு சொல்றியா?" என்று திருப்பிக் கேட்டார் கரிமூட்டக்காரர்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். சினிமாச் சண்டை என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமல்ல இது. இந்த இரண்டு வாலிபர்களும் கேட்டுக்கொண்ட கேள்வியைத்தான், சில வருஷங்களுக்கு முன்பு உலகம் முழுவதும் லட்சக்கணக்கான ரசிகர்கள் கேட்டுச் சண்டை போட்டார்கள். நம் நாட்டில் இந்தச் சண்டை சினிமா பிறப்பதற்கு முன்பே இருந்தது. வீரம் யார் வீட்டுச் சொத்து? இதுதான் வழக்கு.

வறண்ட பூமிப் பிள்ளை

படத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் படம் 1977 மே 25-ஆம் தேதி அமெரிக்காவில் வெளிவந்தது. எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். எங்கோ வெகு தூரத்து நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு கொடிய சாம்ராஜ்யம். அதை எதிர்த்து ஒரு சிறிய கலகப் படை. வல்லரசான அமெரிக்காவை எதிர்த்து வியத்நாம் மக்கள் நடத்திய போராட்டம் தன் மனதில் இருந்தது என்று லூகாஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

கதாநாயகன் லூக் யார்? தண்ணீரே இல்லாத பாலைவனக் கிரகத்தில், காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துச் சேர்க்கிற பண்ணையில் உறவினர் தயவில் வளர்கிற பையன். வானத்தை அண்ணாந்து பார்த்தே வயதாகிப் போகிற கரிசல் காட்டு ஜனங்களுக்கு இந்தப் பிள்ளையை அடையாளம் காட்ட வேண்டுமா?

அதே 1977-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. நமது அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்த எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அந்த வெற்றிக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. அவற்றை எடைபோட இது இடமல்ல. ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. 1964-இல் 'படகோட்டி'யாகவும் 'தொழிலாளி'யாகவும், 1967-இல் 'விவசாயி'யாகவும், 1971-இல் 'ரிக்‌ஷாக்கார'னாகவும் திரையில் அவரைப் பார்த்த ஜனங்கள், "இவர் நம்ம வீட்டு ஆள்" என்று எண்ணினார்கள். அங்கே ஒரு பாலைவனப் பிள்ளை திரையில் ஜெயித்தான்; இங்கே வறண்ட பூமி ஜனங்கள், திரையில் தங்களில் ஒருவராக வந்தவரைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை எல்லாத் தேசத்து உழைப்பாளிகளுக்கும் ஒன்றுதான்.

அந்த ஆசைக்கு விலை போடத் தெரிந்தவன் முதலாளி. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அமெரிக்கப் பிள்ளைகள் 'ஸ்டார் வார்ஸ்' பொம்மை கேட்டார்கள். உரிமை வாங்கிய கென்னர் கம்பெனியால் பொம்மைகளை அதற்குள் செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மை இல்லாத அட்டை உறையையே கடையில் வைத்து விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதை அனுப்பி வைத்தால் பொம்மை பிறகு தபாலில் வரும். வெறும் உறைக்கும் காசு கொடுத்தார்கள் ஜனங்கள். ரசிகனின் அன்பு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள் வியாபாரிகள்.

1980-இல் இரண்டாவது படம். அதில்தான் முதல் திருப்பம். சாம்ராஜ்யத்தின் கொடுங்கரமாக நின்ற கறுப்பு முகமூடிக்காரன்தான் லூக்கின் தகப்பன் என்று தெரியவருகிறது. பண்ணைப் பிள்ளை பெரிய இடத்துப் பிள்ளை ஆகிவிட்டான்! ஆனாலும் அங்கே ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பிறப்பு லூக்குக்குப் பெருமையாக வரவில்லை, பாரமாக வந்தது. தகப்பன் வழி வேண்டாம் என்று அவன் போராடினான். ஆகவே ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பழைய இரும்பு பொறுக்குகிற பெண்

2012-இல் லூகாஸின் கம்பெனியை டிஸ்னி நிறுவனம் சுமார் 405 கோடி டாலருக்கு வாங்கியது. 405 கோடி கொடுத்து எதை வாங்கினார்கள்? கட்டிடத்தையா? யந்திரத்தையா? முப்பத்தைந்து வருஷமாக ரசிகர்கள் சேர்த்து வைத்த அன்பைத்தான் முக்கியமாக விலைக்கு வாங்கினார்கள்.

2015 டிசம்பரில் ஏழாவது படம் வந்தது. இந்தத் தடவை கதாநாயகி ஒரு பெண். பெயர் ரே. பாலைவனத்தில் உடைந்து கிடக்கிற போர்க்கப்பல்களுக்குள் ஏறி இறங்கிப் பழைய இரும்பும் கருவியும் பொறுக்குகிறாள். சுத்தம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவன் இன்றைக்கு இவ்வளவுதான் என்று தன் இஷ்டத்துக்கு அளந்து சோற்றுப் பொட்டலம் தருவான். நேற்றுக் கொடுத்த விலை இன்றைக்கு இல்லை. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பருத்திக் கொட்டை எடையிலும் கரிமூட்டை எடையிலும் அடிபட்ட நமக்கு இந்தக் காட்சி புதிதா?

அவளோடு இன்னொருவன். பெயர் ஃபின். குழந்தையிலேயே குடும்பத்திலிருந்து பறிக்கப்பட்டுச் சிப்பாயாக வளர்க்கப்பட்டவன். பெயர்கூட இல்லை, நம்பர்தான். கொடியவர்களின் கோட்டையில் அவன் பார்த்தது துப்புரவு வேலை. கிராமத்து ஜனங்களைச் சுடச் சொன்னபோது சுடாமல், ஓடிவந்து எதிர்ப்பக்கம் சேர்கிறான்.

ரசிகர்கள் கொண்டாடினார்கள். உலகம் முழுவதும் 200 கோடி டாலருக்கு மேல் வசூல். ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: இந்த ரே யாருடைய மகள்? இரண்டு வருஷம் விடாமல் கணக்குப் போட்டார்கள். லூக்கின் மகளா? வேறு பெரிய வீரர் யாருடைய பேத்தியா? அவள் யாருக்காவது பிறந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் பலருக்குச் சந்தேகமே இல்லை.

எட்டாவது படமும் ஏற்பட்ட பிளவும்

2017 டிசம்பரில் 'தி லாஸ்ட் ஜெடாய்' வந்தது. எழுதி எடுத்தவர் ரயன் ஜான்சன். கேள்விக்குப் பதில் சொன்னார்: ரேயின் பெற்றோர் யாரும் இல்லை. குடிக்கக் காசு வேண்டும் என்று பெற்ற பிள்ளையை விற்றுவிட்டுப் போன சாதாரண ஆட்கள். அவளுடைய சக்தி அவளுடையது. எவனிடமும் வாங்கிய பிச்சையல்ல.

அந்தப் படத்தில் புதிதாக ஒரு பெண்ணும் வந்தாள். பெயர் ரோஸ். கலகக் கப்பலில் குழாய்களுக்கும் யந்திரங்களுக்கும் நடுவே பராமரிப்பு வேலை பார்ப்பவள். படம் தொடங்கும்போதே அவளுடைய அக்கா குண்டு விமானத்தில் உயிரைக் கொடுத்துக் கப்பலைக் காப்பாற்றுகிறாள். சூதாட்ட மாளிகை நிறைந்த ஒரு பணக்கார நகரத்துக்குப் போகும்போது, அந்தப் பகட்டெல்லாம் ஆயுதம் விற்ற காசு என்று எடுத்துச் சொல்கிறவள் இந்த ரோஸ்தான். இரண்டு தரப்புக்கும் ஆயுதம் விற்றுக் கொழுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் படம் காட்டியது. கடைசிக் காட்சியில், குதிரை லாயம் கூட்டுகிற ஓர் அடிமைப் பையன் துடைப்பத்தோடு நட்சத்திரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு படம் முடிகிறது.

ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். "நாற்பது வருஷத்துக்குப் பிறகு எங்களுக்கும் இடம் கொடுத்த படம்" என்றது ஒரு பக்கம். "எங்கள் கதையையே அழித்துவிட்டான்" என்றது மறுபக்கம். இந்தப் படத்தைக் கதை வரிசையிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஒரு மனு போட்டார்கள். லட்சம் பேருக்கு மேல் அதில் கையெழுத்திட்டார்கள்!

எதிர்த்தவர்கள் எல்லோரும் அறிவில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய குறைகளில் நியாயமானவையும் உண்டு. சின்ன வயதிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த லூக்கை, மனம் உடைந்து தீவில் ஒளிந்து கிடக்கிற கிழவனாகக் காட்டினால் ரசிகனுக்கு வலிக்காதா? நீட்டிக் கொடுத்த வாளை அவன் அலட்சியமாகத் தோளுக்குப் பின்னால் எறிந்தபோது கொட்டகையில் பலருக்கு நெஞ்சு திக்கென்றது. சூதாட்ட நகரத்துப் பகுதி கதையை இழுத்தடிக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அது ரசனை பற்றிய விவாதம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவனுக்கு அபிப்பிராயம் சொல்ல முழு உரிமை உண்டு. "நம்ம தலைவர் படத்தைக் குறை சொல்லாதே" என்று சட்டையைப் பிடிக்கிற பழக்கம் நம்மூரில் இருக்கிறதே, அதுதான் அறியாமை.

ஆனால் அந்தக் கூப்பாட்டுக்குள் வேறு ஒரு குரலும் கலந்திருந்தது. "யாருமில்லாத ஒருத்தி எப்படி வீரப் பெண் ஆகலாம்?" என்கிற குரல். அது ரசனையல்ல. அது பழைய ஜமீன் நோய்!

சக்கரவர்த்தியின் பேத்தி

2019 டிசம்பரில் ஒன்பதாவது படம், 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்', வந்தது. டைரக்டர் ஜே. ஜே. ஆப்ராம்ஸ். என்ன செய்தார்கள்? பழைய இரும்பு பொறுக்கிய ரே, உண்மையில் அந்தக் கொடிய சாம்ராஜ்யத்துச் சக்கரவர்த்தியின் பேத்தி என்று மாற்றிவிட்டார்கள்! அவள் சக்தி அவளுடையது அல்லவாம், தாத்தாவின் ரத்தமாம்!

டீக்கடை வாலிபர் இங்கே ஒரு நல்ல வாதம் சொன்னார். "அவதான் கடைசியில அந்தத் தாத்தாவை எதிர்த்து நிக்கிறாளேண்ணே. அவன் பேரு வேண்டாம்னு ஸ்கைவாக்கர்ங்கிற பேரை வச்சுக்கிறாளே. லூக்கும் அதைத்தானே செஞ்சான்?"

வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கெட்ட ரத்தத்தை உதறித் தள்ளுவது நல்ல காரியம்தான். ஆனால் உதறியவள் எங்கே போய் நிற்கிறாள்? இன்னொரு பெரிய வீட்டுப் பெயரின் கீழே! எட்டாவது படத்தில் வெறும் ரேயாகத் தன் காலில் நின்றவளை, ஒன்பதாவது படம் ஒரு பெரிய வீட்டில் பிறக்க வைத்து, இன்னொரு பெரிய வீட்டில் குடியேற்றியது. யாருமில்லாதவளாகவே ஜெயிக்க அவளை விடவில்லை. லூக்குக்குப் பிறப்பு ஒரு சோதனை. ரேயிடம் அது விளக்கமாகிவிட்டது. "இவளுக்கு ஏன் இவ்வளவு சக்தி?" என்ற கேள்விக்கு "இவள் தாத்தா யார் தெரியுமா?" என்பது பதில்!

துப்புரவுத் தொழிலாளி ஃபின் என்ன ஆனான்? பின்னுக்குத் தள்ளப்பட்டான். அந்த வேடத்தில் நடித்த கறுப்பு இன நடிகர் ஜான் போயேகா, தன்னையும் தன்னைப் போன்ற வெள்ளையரல்லாத நடிகர்களையும் முன்னே நிறுத்தி விளம்பரம் செய்துவிட்டுப் பிறகு ஓரத்தில் ஒதுக்கிவிட்டார்கள் என்று 2020-இல் பகிரங்கமாகச் சொன்னார்.

இவ்வளவு இறங்கிவந்தும் சமாதானம் ஏற்பட்டதா? இல்லை. பழையபடி பெரிய வீட்டுக் கதை வந்ததில் சிலருக்குத் திருப்தி. எட்டாவது படத்தை நேசித்தவர்களுக்கு இது துரோகம். இன்னும் பலர், "இரண்டு படத்துக் கதையை ஒரே படத்தில் அவசரமாகத் திணித்துவிட்டான்" என்றார்கள். எட்டாவது படத்தின் வசூல் சுமார் 133 கோடி டாலர். ஒன்பதாவது படத்தின் வசூல் சுமார் 107 கோடி. வசூலைக் கொண்டு நல்லது கெட்டதைத் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் எல்லோரையும் திருப்திப்படுத்துகிறேன் என்று கதையின் முதுகெலும்பை உருவிவிட்டால், கடைசியில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்பது மட்டும் கண்கூடு.

நம் வீட்டிலும் இதே கதைதான்

அமெரிக்கக்காரனைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? நம் பக்கத்துக் கதைகளைப் பாருங்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் மதுரை. அங்கே மீனாட்சி கோயில் வாசலிலும், நம் கிராமத்து எல்லைகளிலும் மதுரை வீரன் காவல் தெய்வமாக நிற்கிறான். செருப்புத் தைத்துப் பிழைக்கும் அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, மதுரையைக் காக்கக் கள்ளரோடு பொருதி, கடைசியில் அரசன் ஆணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். ஆனால் கதைப்பாடல் அவனை எப்படிப் பிறக்க வைக்கிறது? காசி ராஜாவின் மகனாக! கொடி சுற்றிப் பிறந்ததால் ஆகாது என்று ஜோசியன் சொல்லக் காட்டில் போட்ட ராஜகுமாரனாம். அருந்ததியர் எடுத்து வளர்த்தார்களாம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்து பெருவெற்றி பெற்ற 'மதுரை வீரன்' படமும் அப்படியே காட்டியது.

முத்துப்பட்டன் கதையும் இப்படித்தான். பிராமணனான பட்டன், அருந்ததியர் குலத்துப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து அவர்களோடு வாழ்ந்து, மாடுகளைக் காக்கப் போராடி மாண்டான். இந்தக் கதை ஜாதிக்கு எதிராக எரிகிற நெருப்பு. அந்த நெருப்பின் மேல் பின்னால் வந்தவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். அந்தப் பெண்களே உயர்குலத்தில் பிறந்து, காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று கதை கட்டினார்கள். நாட்டுக் கதைப்பாடல்களைத் தேடித் தொகுத்த பேராசிரியர் நா. வானமாமலை இந்த மாற்றங்களை எடுத்துக் காட்டி, அவற்றின் பின்னால் இருந்த சமூக நோக்கத்தை விளக்கியிருக்கிறார்.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 1995 தீபாவளிக்கு 'முத்து' வந்தது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். குதிரை வண்டி ஓட்டுகிற வேலைக்காரன் முத்து, கடைசியில் யார்? அந்த ஜமீனுக்கே உண்மையான வாரிசு! நானும் கைதட்டினேன், மறைக்க மாட்டேன். வேடிக்கை என்னவென்றால், 'முத்து'வுக்கு மூலமான மலையாளப் படம் 1994-இல் வந்த 'தேன்மாவின் கொம்பத்து'. அதில் வேலைக்காரன் கடைசி வரை வேலைக்காரன்தான். தமிழுக்கு வரும்போது அவனுக்கு ஒரு ஜமீன் பிறப்பைத் தைத்துச் சேர்த்தார்கள். 1998-இல் ஜப்பானில் ஓடியபோது அங்கே படத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'முத்து, ஆடும் மகாராஜா'! வண்டிக்காரனை மகாராஜா ஆக்கிய பிறகுதான் எல்லோருக்கும் நிம்மதி.

ஆக, மதுரை வீரனுக்குச் செய்ததைத்தான் முத்துவுக்குச் செய்தார்கள். முத்துவுக்குச் செய்ததைத்தான் ரேக்கும் செய்தார்கள். ஏழை வீட்டில் வீரம் பிறந்தால், அதை முதலில் மறுக்கிறார்கள். மறுக்க முடியாதபோது, "இது எங்கள் வீட்டிலிருந்து தொலைந்துபோன பொருள்" என்று உரிமை கொண்டாடுகிறார்கள்!

வேட்டையாடப்பட்ட ஒரு நடிகை

இனி, ரசிகர்களைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும்.

யந்திரத் தொழிலாளி ரோஸாக நடித்தவர் கெல்லி மேரி டிரான். வியத்நாமிலிருந்து அகதிகளாக அமெரிக்கா போன பெற்றோருக்குப் பிறந்தவர். எட்டாவது படத்தை வெறுத்தவர்களில் ஒரு கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. அவருடைய நிறத்தை, இனத்தை, உடம்பைக் கேவலமாக ஏசினார்கள். 2018 ஜூனில் அவர் தன்னுடைய இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார்: அந்த ஏச்சுக்களைத் தானே நம்பத் தொடங்கியதையும், இனி ஓரத்தில் ஒதுங்கி நிற்கப் போவதில்லை என்பதையும் சொன்னார்.

கம்பெனி என்ன செய்தது? அடுத்த படத்தில் ரோஸுக்கு வேலையே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் அவர் தெரிவது ஒன்றரை நிமிஷம்கூட இராது. காரணங்கள் வேறு வேறு சொன்னார்கள். ஆனால் ஏசிய கூட்டம் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். வியத்நாம் மக்களின் எதிர்ப்பை மனதில் வைத்துப் பிறந்த கதை. நாற்பது வருஷம் கழித்து அதில் ஒரு வியத்நாமியர் மகள் உழைப்பாளியாக வந்து நின்றபோது, "உனக்கு இங்கே இடமில்லை" என்று விரட்டியவர்கள் அந்தக் கதையின் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள்! இந்த நோய் நம்மூருக்குப் புதிதல்ல. படம் பிடிக்கவில்லை என்றால் கதை எழுதியவனையும் காசு போட்டவனையும் கேள். நடித்த பெண்ணின் நிறத்தையும் பிறப்பையும் கேட்பது விமர்சனமல்ல. அது நம்மை நாமே உதைத்துக்கொள்வது.

உண்மையில் வானம் ஏறியவள்

"கதையில கெத்து வேணும்" என்றாரே ஆலைத் தோழர், அவருக்கு நான் ஒரு நிஜக் கதை சொன்னேன்.

1963-இல் தமிழ் சினிமாவும் வேற்றுலகம் போனது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி' அந்த வருஷம் வந்தது. சங்கீதம் இல்லாத உலகத்திலிருந்து ஒருவன் பறக்கும் வாகனத்தில் பூமிக்கு வந்து, பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். வேடிக்கைக் கதைதான். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். அந்த வேற்றுலகத்தான் தேடி வந்தது ராஜ ரத்தத்தை அல்ல, பாட்டை!

அதே 1963 ஜூன் 16-ஆம் தேதி, சினிமாவில் அல்ல, நிஜத்திலேயே ஒரு பெண் வானம் ஏறினாள். வாலெண்டினா தெரெஷ்கோவா. உலகத்தின் முதல் விண்வெளிப் பெண். வோஸ்டாக்-6 என்ற கலத்தில் தன்னந்தனியாகப் பூமியை 48 முறை சுற்றி, ஏறக்குறைய மூன்று நாள் கழித்துத் திரும்பினாள். அப்போது வயது 26.

அவள் யாருடைய மகள்? தகப்பன் டிராக்டர் ஓட்டியவர். அவள் குழந்தையாக இருக்கும்போதே யுத்தத்தில் மாண்டவர். தாய் பஞ்சாலைத் தொழிலாளி. அவளும் யாரோஸ்லாவல் நகரத்துப் பஞ்சாலையில் வேலை பார்த்தவள்தான். வேலை நேரம் போகப் பாரச்சூட் கட்டிக் குதிக்கக் கற்றுக்கொண்டாள். அந்தப் பயிற்சிதான் அவளை விண்வெளிக்குத் தகுதியாக்கியது. அவளுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1961-இல், முதலில் வானம் ஏறிய ககாரின் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். தானும் வார்ப்படத் தொழில் பயின்றவர்.

ஆலைத் தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மில்லுக்காரியாண்ணே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், மில்லுக்காரிதான். எந்தச் சக்கரவர்த்திக்கும் பேத்தியல்ல.

கேட்க நாம் யார்?

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்? ஒரு படம் எப்படி முடிந்தால் நமக்கு என்ன?

அன்று டீ குடித்து முடித்த பிறகு அந்த ஆலைத் தோழர் வேறு விஷயம் பேசினார். வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு மாதமாகக் கூலியில் ஏதோ பிடித்தம் போடுகிறார்களாம். எதற்கென்று யாரும் சொல்லவில்லையாம். "நீ கேட்டாயா?" என்றேன். சிரித்தார். "நாம யாருண்ணே கேக்குறதுக்கு?" என்றார்.

வாசகர்கள் கவனிக்க வேண்டும். "அப்பன் ஆத்தா தெரியாதவளுக்கு அம்புட்டு சக்தி எங்கேயிருந்து வரும்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டதும் அதே வாய்தான். "நாம யாரு கேக்குறதுக்கு?" என்று தன்னைப் பார்த்துச் சொன்னதும் அதே வாய்தான். இரண்டும் ஒரே வாக்கியம்! வீரம் பெரிய வீட்டில்தான் பிறக்கும் என்று ஆயிரம் கதைகளில் கேட்டுக் கேட்டு, தன்னிடம் அது இருக்க முடியாது என்று நம்பிவிட்டார். கதை கொட்டகையோடு முடிந்துவிடுவதில்லை, தோழர்களே. அது ஆலை வாசல் வரை கூடவே வருகிறது.

பல வருஷங்களுக்கு முன்பு நடந்த ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. இந்த வட்டாரத்து நூற்பாலை ஒன்று, பெயர் வேண்டாம். கோன் வைண்டிங் பகுதியில் பெண்களுக்குச் செய்த வேலைக்குக் கணக்குக் குறைத்துப் போட்டார்கள். ஆண்கள் நாங்கள் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம்: யார் போய்க் கேட்பது, படித்தவர் யார், பேச்சுத் திறமை உள்ளவர் யார் என்று. ஒரு நாள் காலையில் ஒரு பெண் தனியாக ஆபீசுக்குள் போய், தன் கணக்கு நோட்டை மேஜை மேல் வைத்து, எண்ணிக் காட்டிக் கேட்டுவிட்டாள். தகப்பன் இல்லாத பெண். தாய் காட்டு வேலைக்குப் போகிறவள். நாங்கள் திகைத்துப்போய், "உனக்கு எப்படியம்மா தைரியம் வந்தது?" என்று கேட்டோம். அவளுக்கு எங்கள் கேள்வியே புரியவில்லை. "வேலை செஞ்சது நான்தானே? கேக்குறதுக்கு வேற யாரு வரணும்?" என்றாள். மறுநாள் அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார்கள். குறைத்த கணக்கு சரியாயிற்று.

அவளுடைய தாத்தா யார் என்று இன்று வரை யாரும் விசாரிக்கவில்லை.

ஆகவே வாலிபத் தோழர்களே! படம் பாருங்கள். பிடித்தால் விசில் அடியுங்கள்; பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். உங்கள் உழைப்பின் காசில் ஓடுகிற படத்துக்கு நீங்கள் சொல்லாமல் வேறு யார் தீர்ப்புச் சொல்வது? ஆனால் தராசை மட்டும் அவர்களிடமிருந்து கடன் வாங்காதீர்கள். அடுத்த படத்தில் உங்களைப் போன்ற ஒருவன் நிமிர்ந்து நிற்கும்போது, "இவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். "இவன் என்ன செய்தான்?" என்று கேளுங்கள். கடைசி ரீலில் அவனுக்கு ஒரு ஜமீனைத் தூக்கிக் கொடுத்தால் கைதட்டாதீர்கள். நம்மிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டீக்கடை வழக்கில் என்னை மத்தியஸ்தம் கேட்டார்களே, என் தீர்ப்பு இதுதான்: கரிமூட்டக்காரர் பக்கமே நியாயம். ஆலைத் தோழரும் அதை ஒப்புக்கொண்டார் என்று சொன்னால் பொய். "இருந்தாலும் எட்டாவது பார்ட்டு இழுவைதாண்ணே!" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். அது அவருடைய அபிப்பிராயம், இருக்கட்டும்.

ஆனால் மறுநாள் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இதை எப்படிண்ணே கேக்குறது?" என்றார். எப்படி என்று கேட்டார். யார் என்று கேட்கவில்லை.